குழப்படிக்கு முந்திய நிமிடம்

வெலிமடைப் பக்கத்து ஆசிரியர்கள் இரண்டு பேர் பஸ் நிலையத்தில் சந்தித்தால் போதும், பேச்சு எப்படியோ ஒரு பையனிடம் வந்து நிற்கும். பாடசாலை மாறும், பெயர் மாறும், பையனின் கதை மட்டும் மாறாது. தரம் மூன்றிலோ நான்கிலோ இருப்பான். வாங்கில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்காரமாட்டான். பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பறிப்பான், அழிறப்பரை எறிவான். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்வான், கேட்ட கேள்விக்கு வாய் திறக்கமாட்டான். "அவன் வராத நாளில்தான் பாடம் நடக்குது" என்று ஒருவர் சொல்வார். அடுத்தவர், "இவனை என்னதான் செய்யிறது?" என்பார்.

இந்தக் கேள்வி குழப்படி நடந்து முடிந்த பிறகு பிறக்கிற கேள்வி. என்ன தண்டனை கொடுக்கலாம், யாரிடம் முறையிடலாம் என்றுதான் அது போகும். வகுப்பறைகளுக்குள்ளேயே உட்கார்ந்து பிள்ளைகளின் நடத்தையை எண்ணிக் கணக்கெடுத்த ஆராய்ச்சியாளர்கள் கடந்த அறுபது ஆண்டுகளில் கண்டது வேறு. குழப்படிக்கு முந்திய நிமிடத்தில் அந்த வகுப்பு எப்படி இருந்தது, குழப்படி முடிந்த அடுத்த நிமிடத்தில் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்ற இரண்டையும் பார்த்தால் நடத்தையின் பெரும்பகுதி விளங்கிவிடுகிறது. இந்த இரண்டு நிமிடங்களும் ஆசிரியரின் கைக்கு எட்டுபவை. பையனின் சுபாவம் அப்படியல்ல.

இந்தத் துறையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜேக்கப் கூனின். அமெரிக்க உளவியலாளரான இவர் ஒருநாள் பல்கலைக்கழக வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் செய்தித்தாள் வாசிப்பதைக் கண்டு கடிந்துகொண்டார். திட்டு வாங்கியவன் ஒருவன்தான். ஆனால் வகுப்பு முழுவதும் சட்டென்று அடங்கிப் போனது. பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவரைக் கண்டிப்பது மற்றவர்களை எப்படிப் பாதிக்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. உறுதியாகச் சொன்னால் பலிக்குமா, கோபமாகச் சொன்னால் பலிக்குமா, காரணம் விளக்கிச் சொன்னால் பலிக்குமா என்று பல ஆண்டுகள் தேடினார். முடிவு அவருக்கே ஏமாற்றமாக இருந்திருக்கும். நன்றாக நடக்கும் வகுப்பின் ஆசிரியரும் குழம்பிக் கிடக்கும் வகுப்பின் ஆசிரியரும் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் கண்டித்தார்கள். கண்டிக்கும் முறைக்கும் வகுப்பின் ஒழுங்குக்கும் தொடர்பே தெரியவில்லை.

வகுப்பறைகளின் காணொளிப் பதிவுகளை மறுபடி பார்த்தபோதுதான் வித்தியாசம் பிடிபட்டது. நல்ல வகுப்புகளில் ஆசிரியருக்கு அறை முழுவதும் கண் இருந்தது. கரும்பலகையில் எழுதும்போதும் பின்வரிசையில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியும் என்று பிள்ளைகளுக்கும் தெரிந்தது. ஒரு பிள்ளையின் கொப்பியைத் திருத்தியபடியே இன்னொரு பிள்ளையை ஒரு பார்வையால் அமர்த்த அவரால் முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்கும் இடைவெளி அங்கே மிகக் குறுகியதாக இருந்தது. கூனின் இதையெல்லாம் 1970இல் புத்தகமாக வெளியிட்டார். முப்பது பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துக் கொப்பியைக் கொடுக்கிற ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை எழுந்து வருகிறது, இருபத்தொன்பது பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சும்மா இருப்பது பெரிய வேலை. பென்சில் பறிப்பும் கிள்ளலும் பிறப்பது அங்கேதான். வரிசைக்கு ஒரு பிள்ளையிடம் கொப்பிகளைக் கொடுத்தனுப்பினால் அந்தக் குழப்படிக்கு நேரமே இல்லாமல் போகும்.

வயதைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். கையை நீட்டாமல் அடக்கிக்கொள்ளவும், சொன்னதை நினைவில் வைத்து வரிசையாகச் செய்யவும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் உதவுவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்நுதற் புறணி. மூளையிலேயே மிகப் பிந்தி முதிர்வது இந்தப் பகுதிதான். இருபதுகளின் நடுப்பகுதி வரை அதன் வளர்ச்சி தொடர்கிறது. "புத்தகத்தை எடுங்க, நாற்பத்தி ரெண்டாம் பக்கத்தைத் திறங்க, படத்துக்குக் கீழே உள்ள கேள்வியை வாசிச்சு, கொப்பியில திகதி போட்டுப் பதில் எழுதுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னால், ஏழு வயதுப் பிள்ளை பக்கத்தைத் திறக்கும்போதே மீதியைத் தொலைத்துவிட்டிருக்கும். அது பேந்தப் பேந்த விழிப்பதை நாம் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொள்கிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். வெலிமடையில் குழப்படிக்கு முந்திய நிமிடம் பாடசாலை மணிக்கு வெகுநேரம் முன்னரே தொடங்கிவிடுகிறது. அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போக வேண்டும். அல்லது உருளைக்கிழங்கு, போஞ்சித் தோட்டங்களில் கூலிவேலைக்குப் போக வேண்டும். கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டாக வேண்டும். அம்மா வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருந்தால் இதையெல்லாம் ஒரு பாட்டியோ அக்காவோ செய்கிறார். பிள்ளை கோதுமை ரொட்டியும் தேத்தண்ணியும் சாப்பிட்டு வருகிறது. சில நாள் தேத்தண்ணி மட்டும்தான். 2016இல் நடந்த மக்கள்தொகை, சுகாதார அளவாய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17.3 சதவீதம், பெருந்தோட்டப் பகுதியில் 31.7 சதவீதம். அப்போது அளக்கப்பட்ட பிள்ளைகள் அதன் பின்னர் நம் வகுப்புகளின் வாங்குகளில் வந்து அமர்ந்தவர்கள்தான்.

சத்துக் குறைவு உடலைக் குறுக்குவதோடு நிற்பதில்லை. இரும்புச் சத்துக் குறைந்தால் மூளையில் டோபமின் என்னும் இரசாயனத்தின் வேலையும், நரம்பு இழைகளைச் சுற்றி வளரும் மயலின் உறையும் பாதிக்கப்படுகின்றன. கவனம் சிதறுகிறது, பிள்ளை எளிதில் களைத்துச் சிடுசிடுக்கிறது. உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், தாவர உணவில் உள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கவும் செய்யும். தேயிலை விளைவிக்கும் வீட்டில் காலை ரொட்டியோடு அதே தேயிலை இப்படி வேலை செய்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அப்படியானால் காலை உணவு கொடுத்தால் குழப்படி தீர்ந்துவிடுமா? நம் பாடசாலைகளைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டியதாக நான் கருதும் ஆய்வு ஒன்று இதே கேள்வியை எழுப்பியது. ஜமேக்காவின் கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகள் நான்கில் நடந்தது, 1996இல் வெளியானது. சூசன் சாங், சூசன் வாக்கர், சாலி கிரந்தம்-மெக்கிரிகோர் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். சத்துக் குறைந்த பிள்ளைகள், போதிய சத்துள்ள பிள்ளைகள் என இரு வகையினருக்கும் பாடசாலையில் காலை உணவு கொடுத்து, அதன் பின் வகுப்பில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனித்தார்கள். ஒரு பாடசாலையில் பிள்ளைகள் வேலையில் கூடுதலாக ஈடுபட்டார்கள், வீண்பேச்சு குறைந்தது. மற்றப் பாடசாலைகளிலோ உணவு உண்ட நாட்களில் நடத்தை மோசமானது! பேச்சும் நடமாட்டமும் அங்கே கூடின.

ஏன்? நடத்தை மேம்பட்ட பாடசாலையில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனி அறை இருந்தது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மேசை இருந்தது. மற்றவற்றில் வகுப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. உணவு பிள்ளைக்குத் தெம்பைத் தருகிறது. அந்தத் தெம்பு பாடத்தில் இறங்குமா, பக்கத்துப் பிள்ளையின் மேல் இறங்குமா என்பதை வகுப்பறையின் அமைப்பு தீர்மானித்துவிட்டது.

இதை வாசிக்கும்போது தோட்டப் பாடசாலைகளின் பழைய மண்டபங்கள் கண்முன் வருவதைத் தவிர்க்க முடியாது. தோட்ட நிருவாகங்களின் கையிலிருந்த பாடசாலைகளை அரசு 1977 முதல் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதற்கு முன் ஒரே நீள அறை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்புப் பிள்ளைகளும் என்றுதான் பல இடங்களில் இருந்தது. 1980களின் நடுப்பகுதி முதல் சுவீடன் உதவியோடும் பின்னர் ஜெர்மன் உதவியோடும் கட்டடங்கள் எழுந்தன, ஆசிரியர் பயிற்சி விரிந்தது. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. ஆனாலும் இடுப்பளவுத் தட்டி மட்டும் வைத்துப் பிரித்த மண்டபத்தில் தரம் இரண்டின் பாட்டும் தரம் நான்கின் வாய்ப்பாடும் ஒன்றோடொன்று மோதுகிற இடங்கள் இன்றும் இருக்கின்றன. ஊவாவில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். தகரக் கூரையில் மழை இறங்கும்போது முன்வாங்குப் பிள்ளைக்கே ஆசிரியரின் குரல் கேட்காது. பின்வாங்கில் இருப்பவன் கேட்காத பாடத்தைக் கவனிக்கவில்லை என்று குற்றம் சாட்டுவதில் நியாயம் இல்லை. ஜூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று யன்னலை அடித்துக்கொண்டே இருக்கும். அதுவும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான்.

கட்டடத்தை ஆசிரியரால் மாற்ற முடியாது. மழை பெய்யும் அரை மணி நேரத்தில் வாய்வழிப் பாடத்தை நிறுத்திவிட்டு வரைதல், வெட்டி ஒட்டுதல், பலகைக் கணக்கு என்று மாற்றிக்கொள்ள முடியும். பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு பேசி, இருவருக்கும் பாட்டு நேரம் ஒன்றாகவும் மௌன வாசிப்பு நேரம் ஒன்றாகவும் வரும்படி நேரசூசியை அமைக்க முடியும். மேசைகளை நகர்த்தவும் முடியும். இங்கிலாந்தில் கெவின் வெல்டாலும் குழுவினரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், 10, 11 வயதுப் பிள்ளைகளை முதலில் மேசையைச் சுற்றிக் குழுவாகவும், பிறகு வரிசையாகவும், மீண்டும் குழுவாகவும் உட்கார வைத்தார்கள். தனித்தனியே செய்ய வேண்டிய வேலையை வரிசையில் இருந்தபோதே நன்றாகச் செய்தார்கள். வழக்கமாக வேலையில் மனம் செல்லாத பிள்ளைகளிடம்தான் முன்னேற்றம் மிக அதிகம். கூடிச் செய்யும் வேலைக்குக் கூடி உட்கார வேண்டும், தனியே செய்யும் வேலைக்கு எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து உட்கார வேண்டும். நம் ஆரம்ப வகுப்புகளில் குழு மேசைகளைப் போட்டுவிட்டு, நாளின் பெரும்பகுதி கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்கிறோம். பாதிப் பிள்ளைகளுக்குக் கழுத்து திரும்பியே இருக்கிறது. முகத்துக்கு நேரே இருப்பது நண்பனின் முகம்.

இனி அடுத்த நிமிடத்துக்கு வருகிறேன். குழப்படி செய்த பிள்ளைக்கு உடனடியாக என்ன கிடைக்கிறது?

1960களின் பிற்பகுதியில் சார்ள்ஸ் மேட்சன், வெஸ்லி பெக்கர் ஆகியோரின் குழு, 48 பிள்ளைகளை இரண்டு ஆசிரியைகள் சேர்ந்து நடத்திய ஒரு முதலாம் வகுப்பைக் கவனித்தது. பிள்ளைகள் அடிக்கடி இருக்கையை விட்டு எழுந்தார்கள். "உட்கார்" என்று சொல்லும் தடவைகளைச் சுமார் மூன்று மடங்காக்கும்படி ஆசிரியைகளிடம் கேட்டுக்கொண்டார்கள். எழும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைய வேண்டுமல்லவா? கூடியது. சொல்லும் தடவைகளைப் பழையபடி குறைத்தபோது எழுவதும் குறைந்தது. உட்காரச் சொன்னதும் அந்தப் பிள்ளை அந்தக் கணத்தில் உட்காரவே செய்தது. அதனால்தான் தன் சொல் பலிக்கிறது என்று ஆசிரியை நம்பினார். ஆனால் பிள்ளை கற்றுக்கொண்டது வேறு: எழுந்தால் டீச்சர் என்னைப் பார்ப்பார், என் பெயரைச் சொல்வார். அமைதியாக இருந்து வேலை செய்யும் பிள்ளைகளைப் பாராட்டத் தொடங்கியபோதுதான் எழுவது நன்றாகக் குறைந்தது.

தோட்டப் பிள்ளைக்கு ஒரு பெரியவரின் முழுக் கவனம் நாளில் எத்தனை நிமிடம் கிடைக்கும்? அம்மா களைத்து வருகிறார், வந்ததும் விறகும் தண்ணீரும் அடுப்பும். லயக் காம்பராவில் ஏழெட்டுப் பேர். அப்படி வரும் பிள்ளைக்கு நாற்பது பேருக்கு முன்னால் தன் பெயர் உரக்க ஒலிப்பது, அது திட்டாகவே இருந்தாலும், சும்மா இருப்பதைவிட மேலானது. அவன் இதைத் திட்டமிட்டுச் செய்வதாக நான் சொல்லவரவில்லை. பலன் கிடைக்கும் நடத்தை திரும்பத் திரும்ப வரும். அதற்குத் திட்டம் தேவையில்லை.

ஆனால் எல்லாக் குழப்படியும் கவனத்துக்காக நடப்பதில்லை. இன்னொரு வகை, தப்பிக்கிற குழப்படி. எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு வளர்ச்சிக் குறைபாடு உள்ள நான்கு பிள்ளைகளைப் பற்றியது. அதன் அடிப்படை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துகிறது. சில பிள்ளைகள் பெரியவரின் கவனம் குறையும்போது குழப்பினார்கள். சிலர் பாடம் கடினமாகும்போது குழப்பினார்கள். முதல் வகையினருக்கு "நான் நல்லாச் செய்யிறேனா?" என்று கேட்கப் பழக்கினார்கள். இரண்டாம் வகையினருக்கு "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லப் பழக்கினார்கள். சரியான சொல் சரியான பிள்ளைக்குக் கிடைத்தபோது குழப்படி குறைந்தது. மாற்றிக் கொடுத்தபோது குறையவில்லை.

நாம் தினமும் மாற்றித்தான் கொடுக்கிறோம். ஒரு பையன் தரம் நான்கில் இருக்கிறான், வாசிக்கத் தெரியாது. வீட்டில் பேசும் தமிழுக்கும் பாடநூலின் தமிழுக்கும் இடையே உள்ள தூரத்தை நேர்சரியிலோ தரம் ஒன்றிலோ யாரும் கடக்க வைக்கவில்லை. வாசிப்பு நேரம் நெருங்க நெருங்க அவன் பென்சிலைக் கீழே போடுகிறான், முன்னிருப்பவளின் பின்னலை இழுக்கிறான். "வெளியே போய் நில்லு" என்கிறோம். அவன் கேட்டது அதைத்தான். தண்டனை கொடுத்ததாக நாம் நினைக்கிறோம், தப்பித்ததாக அவன் உணர்கிறான், நாளை வாசிப்பு நேரத்தில் பின்னல் மறுபடி இழுபடும். அவனுக்கு வேண்டியது தரம் இரண்டின் வாசிப்புப் புத்தகம். அதை மற்றவர்கள் பார்க்காதபடி கொடுக்கும் நாகரிகமும் வேண்டும்.

குழப்படி கவனத்துக்கா, தப்பிக்கவா என்று கண்டுபிடிக்கச் சாதாரண ஒற்றை ரூல் கொப்பி ஒன்று போதும். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, குழப்படிக்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது, பிள்ளை என்ன செய்தது, பின் என்ன நடந்தது என்று ஒரு வாரம் ஒரே பிள்ளையைப் பற்றி மட்டும் இரண்டு வரி எழுதி வந்தால், முதல் நிரலில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். கணித நேரம், இடைவேளைக்கு முந்திய பாடம், திங்கட்கிழமைக் காலை. "எப்போ பார்த்தாலும் குழப்படி" என்று சொன்ன பையன் இரண்டு குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே குழப்புகிறான் என்று கொப்பி காட்டும்.

குறிப்பிட்ட நேரம் என்று இல்லை, எல்லா நேரமும்தான் என்று கொப்பி காட்டினால், வேறு இடத்தில் தேட வேண்டும். முதலில் காது. குளிர் மலையில் சளி பிடித்த பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்குவது சாதாரணம். வாரக்கணக்கில் அரைகுறையாகவே கேட்கும். கூப்பிட்டால் திரும்பாது, சொன்னதை மாற்றிச் செய்யும். பிறகு கண். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பாடசாலை மருத்துவப் பரிசோதனை ஆரம்பப் பிரிவில் தரம் ஒன்றிலும் நான்கிலும் நடக்கிறது. இடையில் உள்ள ஆண்டுகளில் கவனிக்க வேண்டியவர் வகுப்பாசிரியர்தான்.

மனமும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை வெலிமடையும் இருக்கும் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது, பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள்; திரும்பி வர வீடு இருக்கவில்லை, சிலருக்குப் பெற்றோரும் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. அப்படியொன்றைக் கண்ட பிள்ளையின் மூளை ஆபத்தை எதிர்பார்த்தபடியே இருக்கும். பின்னால் மேசை இழுபடும் சத்தத்துக்குத் துள்ளி எழும், தொட்டால் கையை ஓங்கும், மழை தொடங்கினால் வாசலுக்கு ஓடும். அதன் பெயர் அச்சம். அந்தப் பிள்ளையை வாசலுக்கு அருகில் உட்கார வைப்பதும், மணி அடிக்கப் போகிறது என்று முன்கூட்டியே சொல்வதும் அதை ஓரளவு அமைதிப்படுத்தும். மீதிக்கு மனநல உதவி வேண்டும்.

பிரம்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இலங்கையில் கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கையும் அதன் பின் வந்த 12/2016 சுற்றறிக்கையும் பாடசாலையில் உடல் தண்டனையைத் தடுத்துள்ளன. ஆனாலும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்காக நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், கடந்த தவணையில் ஒரு தடவையாவது உடல் தண்டனைக்கு உள்ளானதாக 80 சதவீத மாணவர்கள் கூறினார்கள். பெற்றோரே கேட்கிறார்கள்: "கண்ணை மட்டும் விட்டுட்டு உரிச்செடுங்க சேர்." மாத்தறைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஓர் ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல், அதாவது கொடூரமான, இழிவான நடத்துகை எனத் தீர்ப்பளித்தது. கண்ணை விட்டாலும் காது போகிறது.

சட்டத்தை ஒதுக்கிவைத்து, பலிக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். கனடாவைச் சேர்ந்த விக்டோரியா தல்வார், காங் லீ இருவரும் மேற்கு ஆபிரிக்காவில் இரண்டு பாடசாலைகளை ஒப்பிட்டு 2011இல் எழுதினார்கள். ஒன்றில் அடி வழக்கம், மற்றதில் இல்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை, பின்னால் வைத்த பொம்மையைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லித் தனியே விட்டார்கள். இரண்டிலும் பெரும்பாலோர் திரும்பிப் பார்த்தார்கள். அடியில்லாத பாடசாலையோடு ஒப்பிட்டால், அடிக்கும் பாடசாலையின் பிள்ளைகள் அதிகமாகப் பொய் சொன்னார்கள். பொய்யைக் கடைசிவரை காப்பாற்றும் திறமையும் அவர்களிடமே கூடுதலாக இருந்தது. ஸ்டெஃபனி கார்ல்சனோடு சேர்ந்து செய்த இன்னோர் ஆய்வில், முதலாம் வகுப்பு வந்தபோது அடி வாங்கும் பிள்ளைகளின் தன்னடக்கத் திறன் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தது. அடி அந்தக் கணத்தில் சத்தத்தை நிறுத்துகிறது. எதை வளர்க்க வேண்டுமோ அதை வளரவிடாமல் செய்கிறது.

அடிக்காமல் என்ன செய்வது என்ற கேள்விக்கு மிக நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்க்கப்பட்ட பதில் ஒரு விளையாட்டு. 1969இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக அமெரிக்காவின் கன்சாஸில் ஒரு நான்காம் வகுப்பில் மூரியல் சாண்டர்ஸ் என்ற ஆசிரியை ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைச் செய்தார். வகுப்பு இரண்டு அணியாகப் பிரிகிறது. விதியை மீறினால் அந்த அணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு. கோடு குறைந்த அணி வெல்லும். இரண்டு அணிகளும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் இரண்டும் வெல்லும். பரிசு, வரிசையில் முதலில் போவது, கொஞ்சம் ஓய்வு நேரம் போன்ற சின்ன விஷயங்கள். குழப்படி வெகுவாகக் குறைந்தது. 1985 முதல் பால்ட்டிமோர் நகரப் பாடசாலைகளில் இதைப் பெரிய அளவில் நடத்தி, அந்தப் பிள்ளைகளை 19, 21 வயது வரை பின்தொடர்ந்தார்கள். தரம் ஒன்றில் முரட்டுத்தனமாக இருந்த ஆண்பிள்ளைகளில், விளையாட்டு நடந்த வகுப்புகளில் படித்தவர்கள் பிற்காலத்தில் போதைப்பொருள் சிக்கலில் விழுந்தது குறைவு.

தோட்டத்தில் இதை நடத்துபவர் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். அணி தோற்றால் பழி ஒரு பிள்ளையின் மேல் விழும்; அந்தப் பிள்ளை ஏற்கெனவே லயத்திலும் ஒதுக்கப்படுகிறதென்றால் விளையாட்டே கொடுமையாகிவிடும். அணிகளை வாராவாரம் மாற்றுவதும், விதி மீறியவரின் பெயரைச் சொல்லாமல் அணியின் கோட்டை மட்டும் போடுவதும், எல்லா அணியும் வெல்லக்கூடிய அளவை வைப்பதும் நல்லது. நாளுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கலாம்.

பாராட்டையும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "கெட்டிக்காரன்" என்பது காற்றோடு போகும். "மகன், சொன்ன உடனே கொப்பியைத் திறந்துட்டீங்க" என்பது எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று காட்டுகிறது. நல்ல வகுப்பு ஒன்றில் ஆசிரியையிடம் பாராட்டை நிறுத்தும்படி கேட்டுப் பார்த்த சோதனையின் முடிவும் 1968இல் வெளியானது; அமைதியான அந்த வகுப்பே குழம்பத் தொடங்கியது.

இவ்வளவையும் ஆசிரியரின் தலையில் கட்டுவதாக யாரும் நினைக்க வேண்டாம். பெருந்தோட்டப் பாடசாலைகளில் சேர்க்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் மிகக் குறைந்த கொடுப்பனவில், பயிற்சிக்கு முன்னரே பல்தர வகுப்புகளுக்குள் இறக்கப்பட்டவர்கள். இரண்டு தரங்களை ஒன்றாக நடத்துகிறவரிடம் ஒவ்வொரு பிள்ளையையும் கவனி என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். அதனாலேயே செலவும் நேரமும் குறைந்தவற்றை எழுதுகிறேன். 1999 முதல் நாடெங்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்றையும் கேட்டது. முதல் இரண்டு தரங்களில் விளையாட்டுக்கே முதலிடம். அது பிள்ளையின் மூளைக்கு ஏற்ற ஏற்பாடு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்குதல் தரம் மூன்றுவரை இறங்கி அந்த விளையாட்டைத் தின்றுவிட்டது. அதை மீட்பது வலயக் கல்விப் பணிமனைகளும் அதிபர்களும் செய்ய வேண்டிய காரியம். நீண்டநேரம் இடைவேளையின்றி இருந்த பிள்ளைகளின் கவனம் குறைகிறது என்று அமெரிக்காவில் அந்தனி பெலிகிரினியின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே ஐந்து நிமிடம் எழுந்து கைகால் அசைக்க விடுவதைப் பாட நேரத்தின் இழப்பாக எந்த அதிபரும் எண்ணக்கூடாது.

கடைசியாக, பெற்றோர். பிள்ளை குழப்பினால் "நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்கிறோம். மலைக்குப் போகிற அம்மாவுக்கு அது ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். காலையில் வந்து ஓடினாலும் அரைப்பேர்தான் போடுவார்கள். அந்தக் கோபம் இரவில் பிள்ளையின் முதுகில் இறங்கும், மறுநாள் காலை அந்தப் பிள்ளை நம் வகுப்புக்கே வரும். முதலாம் தவணையின் தொடக்கத்திலேயே, எந்த முறைப்பாடும் எழுமுன், வேலை விட்டு வரும் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ, லயத்துக்கு அருகே கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் வைக்கலாம். காலையில் என்ன சாப்பிடுகிறான், இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறான், காது வலித்ததுண்டா, மழைக்குப் பயப்படுகிறானா, வீட்டில் யார் சொன்னால் கேட்பான் என்று கேட்கலாம். கடைசிக் கேள்விக்குப் பல வீடுகளில் அப்பாயியின் பெயரோ அக்காவின் பெயரோதான் பதிலாக வரும். அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் அழைக்க வேண்டும்.